எட்டொன்றாய்க் காய்ச்சிய குடிநீர்

அவசரப் பிரிவில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் உருப்படியான கேள்வி, "ஒரு கிழமைக்கு எவ்வளவு மது குடிப்பீர்கள்?" என்பது. பக்கத்தில் என் கணவர் இருந்தார். எதிர்க் கதிரையில் ஒரு பஞ்சாபிப் பெரியவர் இருந்தார். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் இன்னும் யார் யாரோ. குடிப்பதில்லை என்றேன். தாதி தலையாட்டிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து அதையே வேறு மாதிரிக் கேட்டார். கலியாண வீடுகளில்? சனி ஞாயிறுகளில்? சாப்பாட்டுடன் ஒரு கிளாஸ் வைன்? கோயில் தீர்த்தத்தைத் தவிர வேறெதையும் உள்ளங்கையில் ஏந்திக் குடித்திராத எனக்கு, காது மடல் வரை சூடேறியது. என் கணவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்காவது நத்தார் பண்டிகைக்கு ஒரு பியர் என்ற கணக்கு உண்டு.

கண் மஞ்சளாகி, ஈரல் பழுதாகி வருகிறவளிடம் அதைத்தான் முதலில் கேட்பார்கள். அது அவர்கள் வேலை. அந்தக் கேள்விக்கு நான் உண்மை சொன்னேன். அடுத்த கேள்விக்குத்தான் பொய் சொன்னேன்.

இப்போது வீட்டில் இருக்கிறேன். கண் வெளுத்துவிட்டது, சோறு சோறாக ருசிக்கிறது. சுகம் விசாரிக்கிறவர்களிடம் எல்லாம் "ஈரலிலை ஒரு சின்ன இன்ஃபெக்‌ஷன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் பொய். இந்த நகரத்தின் ஒரு கோடியில் குட்மேய்ஸிலிருந்து மறுகோடியில் சவுத்தால் வரை எங்கள் ஆட்களின் குளிர்சாதனப் பெட்டிகளில் பெயர் ஒட்டாத போத்தல்கள் எத்தனையோ இருக்கின்றன. ஒன்றையாவது திறந்து மணந்து பார்த்து, இது என்ன என்று யாராவது கேட்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் ஒரு மருந்துக்கடையில் கவுண்டரில் நிற்கிறவள். மருந்தாளர் இல்லை, உதவியாள். ஆனாலும் வெள்ளைச் சட்டை போடுகிறேன். இருமல் மருந்து வாங்க வருகிறவரிடம்கூட, "வேறு மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா? மூலிகை ஏதாவது?" என்று கேட்க வேண்டும் என்று எங்களைப் பழக்கியிருக்கிறார்கள். பல வருடங்களாக நான் அதைக் கேட்டு வருகிறேன். தூக்கத்தில் எழுப்பினாலும் கேட்பேன்.

எனக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. குளிசை போட்டும் அளவு இறங்கவில்லை. இனி இன்சுலின் ஊசியைப் பற்றி யோசிப்போம் என்று டாக்டரின் தாதி சொல்லிவிட்டார். ஊசி என்றதும் எனக்கு உடம்பு முழுக்கப் பயம். வலிக்குப் பயமில்லை, யாராவது பார்த்துவிடுவார்களே என்ற பயம். அந்த வாட்டத்தோடு தோட்டத்தில் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்து வீட்டு எமினே வேலிக்கு மேலால் பேச்சுக் கொடுத்தார். எமினே சைப்பிரஸ்காரி, துருக்கி மொழி பேசுகிறவர். அவருடைய தம்பி அங்கே மலைச்சரிவில் பிடுங்கி அனுப்பும் ஒரு காட்டு மூலிகை இருக்கிறதாம். வயிற்றுக்கு நல்லதாம், சீனிக்கும் நல்லது என்று அங்கே சொல்வார்களாம். நூலால் கட்டிய ஒரு பெரிய கட்டுத் தந்தார். சாம்பல் நிறத்தில், பூனைக்குட்டியின் காது மாதிரி மெல்லிய மயிர் மூடிய சின்னச் சின்ன இலைகள். மணம் நன்றாகத்தான் இருந்தது. அவர் சொன்ன பெயர் என் வாயில் நுழையவில்லை. எங்கள் வீட்டில் அது சாம்பல் இலை ஆகிவிட்டது.

எமினே அதைத் தேநீராகத்தான் குடிக்கிறவர். ஒரு காம்பைக் கிள்ளிக் கிளாஸில் போட்டு, கொதிநீர் ஊற்றி, வயிறு பாரமாக இருக்கும் நாட்களில் மட்டும். இதை எனக்குச் சொல்லியும் தந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. மருந்தென்றால் இப்படியா குடிப்பது? எங்கள் பெரியப்பா ஊரில் பெயர் சொன்னால் தெரிகிற பரியாரி, நாட்டு வைத்தியர். குடிநீர் என்றால் எட்டுப் பங்கு தண்ணீர் விட்டு ஒரு பங்காக வற்றும்வரை காய்ச்சி வடிக்க வேண்டும், வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். இது எங்கள் குடும்பத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். ஒரு காம்பு எங்கே, நான் போட்ட இரண்டு கைப்பிடி எங்கே! சுக்கும் மல்லியும் போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, எட்டொன்றாய்க் காய்ச்சினேன். தார் மாதிரி வந்தது. நாக்கில் பட்டால் காது வரை கசந்தது. இவ்வளவு கசக்கிறதே, கட்டாயம் வேலை செய்யும் என்று நினைத்தேன்.

சீனியும் கொஞ்சம் இறங்கியது. அதில்தான் தலைகால் தெரியாமல் போனேன்.

இந்த இடத்தில் விமலாக்காவைச் சொல்ல வேண்டும். என் மகள் மதுராவின் மாமியார். வெஸ்ட் ஈலிங்கில் இருக்கிறார். அவர்கள் பக்கம் எல்லோரும் படித்தவர்கள். மருமகன் பல் வைத்தியர், அவருடைய அக்கா கண் வைத்தியர், ஒன்றுவிட்ட தம்பிவரை ஏதோ ஒரு உறுப்புக்கு வைத்தியர். விமலாக்கா ஒருநாளும் பெருமை பேசியதில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அவர் பேசாத பெருமைக்கெல்லாம் நான் மனதுக்குள் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மன் கோயிலில் அன்னதானத்துக்கு வரிசையில் நின்றபோது, தனக்கும் சீனி ஏறிப்போய் ஊசி போடச் சொல்கிறார்கள் என்று மெதுவாகச் சொன்னார். இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் ஒரு குறையைச் சொன்னது அன்றுதான்.

"எங்கடை பெரியப்பான்ரை குடிநீர் ஒண்டிருக்கு விமலாக்கா," என்றேன். "பரம்பரை மருந்து. வெளியாக்களுக்குச் சொல்லுறேல்லை. எனக்கு இறங்கிட்டுது."

ஏன் அப்படிச் சொன்னேன்? பக்கத்து வீட்டுக்காரி தந்த தேயிலை என்றால் அவர் சிரித்துவிட்டு விட்டிருப்பார். பரம்பரை மருந்து என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கும் கொஞ்சம் தருவியளோ?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எவ்வளவு இனித்தது என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமையே ரயிலேறி இரண்டு போத்தல் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிறகும் கொடுத்தேன்.

வருத்தம் சத்தமில்லாமல் வந்தது. முதலில் சாப்பாட்டு மணமே பிடிக்கவில்லை. தாளிக்கிற மணத்துக்கு ஓடிப்போய் ஹோலில் இருந்தேன். பிறகு அலுப்பு. பிறகு கை கால் எல்லாம் கடி, சொறிந்து சொறிந்து தோல் உரிந்தது. சிறுநீர் சாயத் தேநீர் நிறத்துக்குப் போனபோதும், தண்ணீர் குடிக்காத குறை என்று எனக்கு நானே மருந்தாளராகிவிட்டேன். குடிநீரை மட்டும் விடவில்லை. சுகமில்லை என்பதால் காலையிலும் மாலையிலும் குடித்தேன். ஒரு காலை, சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் என் கணவர் என் முகத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"இஞ்சேர், உன்ரை கண் ஏன் மஞ்சளாக் கிடக்கு?"

அன்று காலையே டாக்டரிடம் போனேன், இரத்தம் எடுத்தார்கள். பின்னேரமே போன் வந்தது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி.

வார்டில் என்னைப் பார்த்தவர் டாக்டர் நிவேதா. மதுரைப் பக்கத்துப் பிள்ளை. என் பெயரைப் பார்த்ததுமே தமிழில் பேசத் தொடங்கிவிட்டார். படம் கீறி விளங்கப்படுத்தினார். ஈரலின் நுண்ணிய கலங்களுக்குள் இருக்க வேண்டிய சில பொருட்கள், கலம் சேதப்பட்டால் ஒழுகி இரத்தத்தில் கலந்துவிடும். இரத்தத்தில் அதை அளந்தால் எவ்வளவு சேதம் என்று தெரியும். எனக்கு அது இருக்க வேண்டிய அளவைவிட எத்தனையோ மடங்கு. மஞ்சள் நிறம், பழைய இரத்தத்தின் கழிவை ஈரல் வெளியே தள்ள முடியாமல் தேங்குவதால் வருவது, கடியும் அதனால்தான். இவற்றைவிட அவர் பயந்தது இன்னொன்றுக்கு. காயம் பட்டால் இரத்தம் உறைவதற்கு வேண்டிய பொருட்களை ஈரல்தான் செய்கிறது. இரத்தம் உறைய எடுக்கும் நேரம் கூடிக்கொண்டே போனால், ஈரல் கைவிடுகிறது என்று அர்த்தம். அப்படியானால் ஈரல் மாற்றுகிற பெரிய ஆஸ்பத்திரிக்கு என்னை அனுப்ப வேண்டி வரும் என்றார். என் கணவர் என் போர்வையின் ஓரத்தை இழுத்து இழுத்துச் சரி செய்தார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

"நாட்டு மருந்து, கஷாயம், மூலிகை ஏதாவது எடுக்கறீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

நான் கவுண்டரில் கேட்கிற அதே கேள்வி. சொற்கள்தான் கொஞ்சம் வேறு.

"இல்லை," என்றேன்.

என் கணவருக்கும் தெரியும், நான் ஏதோ காய்ச்சிக் குடிக்கிறேன் என்று. ஆனால் அவருக்கு அது சுக்கு மல்லித் தண்ணி. அதை மருந்தென்று அவர் நினைக்கவேயில்லை. நான் இல்லை என்றதும் அவரும் நேர்மையாகத் தலையாட்டினார். மருந்துக்கடையில் வேலை செய்கிறவள் செய்கிற வேலையா இது என்று அந்தப் பிள்ளை நினைக்குமே என்பது நான் மறைத்ததற்கு ஒரு காரணம். எங்கள் சனங்கள் இப்படித்தான் என்று பதிவாகிவிடுமே என்பது இன்னொன்று. இரண்டுக்கும் அடியில் விமலாக்கா இருந்தார். ஒன்றைச் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும். நானோ ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டேன், குடிநீரும் நின்றுவிட்டது, இனித் தானாகச் சுகம் வந்துவிடும், யாருக்கும் தெரிய வேண்டாம் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கில் விமலாக்காவின் ஈரலை நான் சேர்க்கவில்லை. அவர் திடகாத்திரமான ஆள், அவருக்கு ஒன்றும் வராது என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

பிறகு தேடல் தொடங்கியது. நான் சொல்லாத ஒன்றை எல்லோரும் தேடினார்கள். ஈரலைத் தாக்கும் வைரஸ் ஒவ்வொன்றுக்கும் இரத்தம். உடம்பே தன் ஈரலைத் தாக்குகிறதா என்று பார்க்க இரத்தம். வயிற்றில் குளிர்ந்த பசை பூசி ஸ்கான். காலையில் இரத்தம் எடுக்க வருகிற பிலிப்பினோத் தம்பிக்கு என் கையில் நரம்பு அகப்படாமல் போய்விட்டது. "சொறி அம்மா, சொறி அம்மா," என்று அவன் மன்னிப்புக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் போர்வைக்குள் புக வேண்டும் போல இருந்தது. டாக்டர் நிவேதா தினமும் என் கைகளை முன்னே நீட்டி, உள்ளங்கையை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்வார். கை தானாகப் படபடத்தால் நஞ்சு மூளைக்கு ஏறுகிறது என்று அர்த்தமாம். இன்றைக்கு என்ன கிழமை என்றும் கேட்பார். கிழமையைச் சரியாகச் சொன்னேன். அவர் "சூப்பர்மா" என்பார். பரீட்சையில் பார்த்தெழுதிவிட்டுப் பரிசு வாங்குகிற மாதிரி இருக்கும்.

வீட்டார் என்னைத் தாங்கினார்கள். கணவர் தன் ஷிப்டை மாற்றி வந்து, என் கால்களுக்கு கிரீம் பூசினார். முப்பது வருடத்தில் அவர் என் காலைத் தொட்டது அதுதான் முதல் தடவை, நானும் மறுக்கவில்லை. மதுரா உப்பில்லாத, எண்ணெயில்லாத சமையலை இணையத்தில் பார்த்துச் சமைத்துக் கொண்டுவந்தாள். வாயில் வைக்க முடியாது. "நல்லாயிருக்கு பிள்ளை," என்று விழுங்கினேன்.

காரணம் எதுவும் அகப்படாததால், விலாவுக்குள் ஊசி விட்டு ஈரலில் ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்கலாம் என்று தீர்மானித்தார்கள். இரத்தம் உறையும் நேரம் கூடியிருப்பதால் அதில் ஆபத்தும் உண்டு என்று சொல்லிக் கையெழுத்து வாங்கப் பேப்பர் கொண்டுவந்தார்கள். நான் அதற்கும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பொய்யை ஒப்புக்கொள்வதைவிட ஊசி குத்தப்படுவது எனக்கு லேசாக இருந்தது.

அன்று பின்னேரம் மதுரா கிளம்பும்போது, சாப்பாட்டுப் பெட்டிகளைப் பையில் அடுக்கிக்கொண்டே சொன்னாள்:

"மாமியும் உங்களைப் பாக்க வரத்தான் நிண்டவ அம்மா. அவவுக்கும் ஒரு கிழமையாச் சாப்பாட்டைக் கண்டாலே ஓங்காளிச்சுச் சத்தி வருதாம். ஒரே அலுப்பாம். உங்களை நினைச்சுத்தான் கவலையிலை அப்பிடி எண்டு நினைக்கிறன்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவள் என் நெற்றியில் முத்தம் கொடுத்தாள், கையசைத்தாள், லிஃப்டுக்குப் போய்விட்டாள். வாசல் கதவு மூடுவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். இந்தக் கதையில் நான் செய்தவற்றில் எது மோசம் என்று கேட்டால், பொய் சொன்னதோ போத்தல் கொடுத்ததோ இல்லை. அவளைப் போக விட்டதுதான். அவள் ரயிலில் ஏறியிருப்பாள் என்று நினைத்த பிறகுதான் மணியை அழுத்தினேன்.

டாக்டர் நிவேதா வந்து திரையை இழுத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். சாம்பல் இலை, இரண்டு கைப்பிடி, எட்டொன்று. அவர் ஏசுவார் என்று எதிர்பார்த்தேன்.

"வந்த அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா," என்றார், அவ்வளவுதான். பிறகு, "வேற யாராவது இதைக் குடிக்கறாங்களா?"

"ஓம்."

"யாரு?"

"என்ரை சம்பந்தி. நான்தான் குடுத்தனான்."

டாக்டரையே போன் எடுத்துச் சொல்லச் சொல்லிக் கெஞ்சினேன். அவர் மறுத்துவிட்டார். "நான் யாருன்னு அவங்களுக்குத் தெரியாதும்மா. நீங்க குடுத்தது, நீங்க சொன்னாத்தான் நிறுத்துவாங்க. இப்பவே பேசுங்க. நான் இங்கதான் இருக்கேன்."

விமலாக்கா உடனே எடுத்தார்.

"என்ன தங்கச்சி, சுகமே? நீங்கள் ஏன் போனைத் தூக்கிக்கொண்டு, படுத்திருங்கோவன்."

"விமலாக்கா, அந்தக் குடிநீர் குடிக்கிறியளே?"

"ஒரு நாளும் விடேல்லை. போத்தல் முடியப்போகுது, உங்களைக் கேக்க ஒரு மாதிரிக் கிடந்தது. அதாலை இப்ப பாதி பாதியாக் குடிக்கிறன்."

"அதை ஊத்துங்கோ. இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் குடுங்கோ. எனக்கு ஈரல் பழுதானது அதாலைதான்."

அந்தப் பக்கம் டிவி சத்தம் கேட்டது. யாரோ அதைக் குறைத்தார்கள்.

"பெரியப்பான்ரை மருந்தோ?"

"அது பெரியப்பான்ரை மருந்தில்லை, அக்கா. பக்கத்து வீட்டு மனுசி குடிக்கிற தேயிலை. நான்தான் குடிநீராக் காய்ச்சினனான். பெரியப்பான்ரை பேரைப் பொய்யாச் சொன்னனான்."

அவர் ஏசாமல், ஏதோ தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரிச் சொன்னார்: "சரியான கைச்சல். ஊத்திவிடுவம் எண்டுதான் முதல் நாளே நினைச்சனான். நீங்கள் அவ்வளவு தூரம் ரயிலிலை சுமந்து வந்து தந்ததெண்டு குடிச்சனான்."

போனை வைத்துவிட்டு அழுதேன். டாக்டர் டிஷ்யூப் பெட்டியைத் தள்ளி வைத்தார். ஊசி குத்துவதை நிறுத்தி வைக்கிறோம் என்றார்.

என் கணவர் எமினே வீட்டுக்குப் போய் மிச்ச இலையைப் படமெடுத்து அனுப்பினார். தெரிந்தவர்களிடம் காட்டிவிட்டு டாக்டர் வந்து சொன்னார். அது தியூக்ரியம் என்ற இனத்துச் செடி, மத்தியதரைக் கடல் பக்கத்து மலைகளில் வளர்வது. தலைமுறை தலைமுறையாக அங்கே குடிக்கிறார்கள்தான். ஆனால் தேநீராகக் குடித்தாலும் சிலருக்கு அது ஈரலைக் கெடுக்கும் என்று வைத்தியர்களுக்குத் தெரியும். நான் குடித்ததோ தேநீரே இல்லை. என் கணவர் அன்று எமினேயுடன் சத்தம் போட்டுவிட்டு வந்திருந்தார், நஞ்சு தந்துவிட்டாய் என்று. "அந்த மனுசி ஒரு காம்புதான் போடச் சொன்னவ," என்று நான் சொன்னதும் அவர் எழுந்து நடைபாதைக்குப் போய்விட்டார். வீடு வந்த பிறகு நான் எமினேயின் கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். வேலிப் பக்கம் முன்போல இன்னும் வருவதில்லை.

குடிநீர் நின்றதாலும், நரம்பில் ஏற்றிய மருந்தாலும் என் அளவுகள் ஒரு இடத்தில் நின்று, பிறகு மெல்ல இறங்கத் தொடங்கின. இரத்தம் உறையும் நேரம் சரியாகிக்கொண்டு வந்த அன்று, டாக்டர் நிவேதா என் கையை நீட்டச் சொல்லவில்லை. பிடித்துக் குலுக்கினார்.

விமலாக்காவின் ஈரலும் அடிபட்டிருந்தது. என் அளவுக்கு இல்லை. போத்தல் முடியப்போகிறதே என்று பாதி பாதியாகக் குடித்ததுதான் அவரைக் காப்பாற்றியது. படுக்க வேண்டியதில்லை, அடிக்கடி இரத்தம் கொடுத்தால் போதும் என்று விட்டார்கள். அவருடைய வைத்தியக் குடும்பத்தில் ஒருவரும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. மருமகன் வந்து என் பல்லைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு விடுவதற்கு முதல் நாள் விமலாக்கா வந்தார். முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது; நேரே இரத்தம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். முகம் இளைத்து, கண்ணில் இலேசான மஞ்சள். அந்த மஞ்சளை என்னால் நேரே பார்க்க முடியவில்லை. மதுராவைக் கீழே கோப்பி குடிக்க அனுப்பிவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். ரயிலில் கூட்டம் என்றார். மழை வரும் போல இருக்கிறது என்றார். நான் மன்னிப்புக் கேட்பதற்கு வசனம் ஒன்று சேர்த்து வைத்திருந்தேன். அவர் பையிலிருந்து பிளாஸ்கை எடுத்ததும் அது மறந்துபோனது.

"பார்லித் தண்ணி," என்றார். "பார்லியும் தண்ணியும் மட்டும்தான். வேறை ஒண்டும் போடேல்லை. உப்புக்கூட இல்லை."

நான் கேட்கவில்லை. அவராகவே ஒவ்வொன்றாகச் சொன்னார். பிறகு இரண்டு கோப்பைகளை வைத்தார். முதலில் தன் கோப்பையில் கொஞ்சம் ஊற்றி, நான் பார்க்கும்படியாகக் குடித்து முடித்தார். அதன் பிறகுதான் எனக்கு ஊற்றினார். குத்திக்காட்ட அவர் அப்படிச் செய்யவில்லை. அந்த முகத்தில் அது துளிகூட இல்லை. நான் பயப்படக்கூடாது என்றுதான் செய்தார். பயத்தைக் கொடுத்தவளுக்கு, பயத்தை வாங்கியவர் தைரியம் சொல்கிறார். குத்திக்காட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"விமலாக்கா..." என்று தொடங்கினேன்.

"குடியுங்கோ தங்கச்சி," என்றார். "ஆறப்போகுது."